கோவில்களப்பாலில் மின் நிலையம், கோட்டூரில் லோ வோல்டேஜ்: டெல்டா மின்சாரத்தின் கணக்கு

மன்னார்குடிக்குத் தெற்கே கோட்டூர் பக்கம் விவசாயம் பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மண்ணுக்கு அடியிலிருந்து கேஸ் எடுக்கிறார்கள். கோவில்களப்பாலில் அரசு மின் நிலையம் இருக்கிறது. நெய்வேலியும் ஒன்றும் தூரமில்லை. மேட்டூர்த் தண்ணீர்கூட டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் எங்களுக்கு வருகிறது. இவ்வளவு இருந்தும் குறுவை நாற்றங்காலுக்கு மோட்டார் போட்டால் லோ வோல்டேஜ். பருவத்துக்கு ஒரு தடவையாவது காயில் போகிறது. இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள், எங்கே போய்க் கேட்பது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் மின் நிலையம் இருப்பதற்கும் உங்கள் மோட்டாருக்கு வரும் வோல்டேஜுக்கும் அநேகமாகத் தொடர்பே கிடையாது. கோளாறு உற்பத்தியில் இல்லை. துணை மின் நிலையத்துக்கும் உங்கள் போருக்கும் நடுவே ஓடுகிற சில கிலோமீட்டர் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பிக்கு யார் காசு போடுவது என்ற இடத்தில்தான் தமிழ்நாட்டு மின்துறையின் சிக்கல் முழுவதும் வந்து முட்டி நிற்கிறது.

மேட்டூரிலிருந்து தொடங்கலாம். 1934இல் கட்டி முடித்த அணை. 120 அடி, 93.47 டி.எம்.சி. அணையடி மின் நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட். அங்கிருந்து இறங்கும் தண்ணீரை செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் மறித்து, தலா 30 மெகாவாட் எடுக்கின்றன. அதற்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று. ஆக, கல்லணைக்கு வருமுன் அந்தத் தண்ணீர் எட்டு இடத்தில் உழைத்துவிட்டு வருகிறது. ஆனால் மின்சாரத்துக்காக மேட்டூரைத் திறப்பதில்லை. பாசனத்துக்கு எவ்வளவு, என்றைக்கு என்பதை அரசும் நீர்வளத்துறையும் முடிவு செய்கின்றன. அப்படித் திறந்துவிடும் தண்ணீரில் கிடைப்பதை மின்துறை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை எல்லையில் அளக்கும் பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவு வந்தால் இரண்டுக்கும் நல்லது. வராவிட்டால் இரண்டுக்கும் அடி.

2024ஐ நினைத்துப் பாருங்கள். வழக்கமாக மேட்டூரைத் திறக்கும் ஜூன் 12 வந்தது, அணை திறக்கவில்லை. ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது என்பது வேறு கதை. அந்த ஆறேழு வாரமும் டெல்டாவில் குறுவையைக் காப்பாற்றியது போர்செட்டுதான். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் நீர்மின்சாரமும் குறையும், பம்புசெட்டின் தேவையும் கூடும். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் மாநிலத்தில் மின்சாரப் பஞ்சம் இருந்ததா? பொதுவாக அந்த மாதங்களில் இருப்பதில்லை. காரணம் காற்று. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் புகுந்து அடிக்கும்போது, முப்பந்தலிலும் உடுமலைப் பக்கத்திலும் உள்ள காற்றாலைகள் ஆயிரக்கணக்கான மெகாவாட் தரும். தமிழ்நாட்டில் நிறுவியிருக்கும் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். பகலில் சூரிய மின்சாரம் வேறு.

மாநிலத்துக்கு நெருக்கடியான மாதங்கள் ஏப்ரலும் மே மாதத் தொடக்கமும். 2024 மே 2ஆம் தேதி உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நகரத்து ஏ.சி.கள் ஏற்றிய உச்சம் அது. அந்தச் சமயத்தில் டெல்டாவின் பெரும்பகுதி உளுந்து, பயறு எடுத்த தரிசு. அங்கங்கே பருத்தி, எள், கொஞ்சம் கோடை நெல். நீங்கள் அவதிப்படுகிற ஜூன், ஜூலையில் மாநிலத்தின் கையில் மின்சாரம் இருக்கிறது. இருந்தும் உங்கள் மோட்டாரில் வோல்டேஜ் இல்லை. பற்றாக்குறையால் வரும் மின்வெட்டும் லோ வோல்டேஜும் வேறு வேறு நோய்கள். 2008 நவம்பரில் தொடங்கி 2015 ஜூனில் விலக்கிக்கொள்ளப்படும் வரை இருந்த மின் கட்டுப்பாட்டுக் காலத்தின் வெட்டு முதல் வகை. இப்போது உங்களுக்கு வருவது இரண்டாவது.

கோவில்களப்பாலுக்கு வருவோம். 2001இல் வந்த நிலையம், 107.88 மெகாவாட். குத்தாலத்தில் உள்ளது 2003–04இல் வந்தது, 101 மெகாவாட். இரண்டும் காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் இயற்கை எரிவாயுவை நம்பிக் கட்டியவை. கேஸ் டர்பைன் சுற்றியபின் வெளியேறும் சூட்டில் நீராவி வைத்து இன்னொரு டர்பைனைச் சுற்றுவதால் எரிபொருள் வீணாவது குறைவு. நல்ல நிலையங்கள்தான். ஆனால் கிணறு தரும் கேஸ் எவ்வளவோ அவ்வளவுதான் ஓட்டம். இரண்டும் முழு மூச்சில் ஓடினாலும் சேர்த்து சுமார் 209 மெகாவாட், அதாவது அந்த மே மாத உச்சத் தேவையில் நூற்றில் ஒரு பங்கு. அந்த மின்சாரமும் கோட்டூருக்கென்று தனியாக வருவதில்லை. 110 கிலோவோல்ட் பாதையில் ஏறிவிட்டால் அதற்கு ஊர், பேர் கிடையாது. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடினால் அந்த வட்டாரத்து 110 கிலோவோல்ட் வோல்டேஜ் தெம்பாக நிற்கும். அந்தத் தெம்பு துணை மின் நிலையம் வரை வரும். அங்கிருந்து உங்கள் கொட்டகைக்கு வருமுன் கரைந்துவிடும்.

தரங்கம்பாடி பக்கம் பிள்ளைப்பெருமாள்நல்லூரில் 330.5 மெகாவாட் தனியார் நிலையம் இருக்கிறதே, அதையும் பலர் கேட்பார்கள். தொண்ணூறுகளில் தனியாரை அழைத்தபோது வந்து, 2001இல் ஓடத் தொடங்கிய நிலையம். கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாப்தாவிலும் ஓடும், கேஸிலும் ஓடும். இதுமாதிரி ஒப்பந்தங்களில் விலைக்கு இரண்டு பகுதி உண்டு: நிலையம் தயாராக நிற்பதற்கு ஒரு நிலைக்கட்டணம், ஓட்டினால் எரிபொருள் செலவு. நாப்தா விலை ஏறிய காலத்தில் ஓட்டினால் யூனிட் விலை தாங்காது. ஓட்டாவிட்டாலும் நிலைக்கட்டணம் கொடுத்தாக வேண்டும். எந்த நிலையத்தை எப்போது ஓட்டுவது என்பதை அது எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வதில்லை; யூனிட் எரிபொருள் செலவு குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்திய பட்டியலைப் பார்த்துச் செய்கிறார்கள். அதை மெரிட் ஆர்டர் என்பார்கள். அந்த வரிசையில் உங்கள் பக்கத்து நிலையம் கடைசியில் இருந்தால், ஒடிசா நிலக்கரி பாரதீப்பில் கப்பல் ஏறி எண்ணூரில் இறங்கி எரிந்து உங்கள் வீட்டு விளக்கைப் போடும்.

இந்த இடத்தில் காரைக்காலைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாகூரைத் தாண்டி வாஞ்சூர் செக்போஸ்ட்டைக் கடந்தால் அதே வயல், அதே காற்று, ஆனால் மின்சாரம் வேறு உலகம். புதுச்சேரி மின்துறை வேறு, கட்டணம் வேறு, கட்டணத்தை முடிவு செய்யும் ஆணையமும் வேறு. காரைக்காலில் அவர்களுக்கென்று 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் உண்டு. அதற்கும் கேஸ் இதே படுகையிலிருந்துதான். மண்ணுக்கடியில் எல்லைக்கோடு கிடையாது, மீட்டரில் மட்டும் உண்டு.

நெய்வேலியின் கணக்கு இன்னும் வேறு. 1956இல் நிறுவனம், 1962இல் ரஷ்ய உதவியோடு முதல் அனல் மின் நிலையம். அது 2020இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்துவிட்டது. இது மத்திய அரசு நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டோடு கர்நாடகம், கேரளம், புதுச்சேரி எல்லாவற்றுக்கும் பங்கு போகிறது. விலையை டெல்லியில் இருக்கும் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்கிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் கடலூர் மாவட்டத்துக்காரர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றை மாற்றி வெட்டும் வேலைக்காக விளைந்து நின்ற நெல்லில் பொக்லைன் இறங்கிய காட்சியைப் பார்த்தவர்களுக்கு, 'மலிவான பழுப்பு நிலக்கரி மின்சாரம்' என்று சொன்னால் அந்த மலிவில் யாருடைய பங்கு கழிந்திருக்கிறது என்ற கேள்வி வராமல் இருக்காது. எனக்கும் வருகிறது.

டெல்டா மண்ணுக்கடியில் இருப்பதை எடுக்கலாமா கூடாதா என்ற சண்டையும் இங்கேதான் சேர்கிறது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010இல் ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா காலமானார். 2015இல் மாநில அரசு மீத்தேன் திட்டத்தை நிராகரித்தது. 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்கள். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிதாக எண்ணெய், எரிவாயு துளையிடுவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளைத் தொடவில்லை. 2023 மார்ச் கடைசியில் வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய மூன்று வட்டாரங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் முதல் பாதியிலேயே மத்திய அரசு அவற்றை நீக்கிக்கொண்டது. வேளாண் மண்டலச் சட்டம் தேவை என்பது என் நிலைப்பாடு. ஆனால் அதனால் கோட்டூரில் வோல்டேஜ் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் நோய்க்கு வருகிறேன். டெல்டாக்காரருக்கு மின்பாதையை விளக்க வாய்க்கால்தான் வசதி. 400, 230 கிலோவோல்ட் பாதைகள் ஆறு. 110 கிலோவோல்ட் பாதை பெரிய வாய்க்கால். துணை மின் நிலையத்திலிருந்து புறப்படும் 11 அல்லது 22 கிலோவோல்ட் ஃபீடர் பிரிவு வாய்க்கால். டிரான்ஸ்பார்மருக்கு அப்புறம் வரும் 415 வோல்ட் கம்பி கன்னி வாய்க்கால். கல்லணையில் முறை வைக்காமல் தண்ணீர் விட்டாலும் கடைமடை காயும் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைசி வயலுக்கு ஈரம் மட்டும்தான் வரும்.

கம்பியில் இழப்பு என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. அதனால்தான் தூரப் பயணத்துக்கு வோல்டேஜை ஏற்றி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புகிறார்கள். தாழ்வழுத்தக் கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு சேதம். ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வரைகூட 415 வோல்ட் கம்பி இழுத்து மோட்டாருக்கு மோட்டார் தாவித் தாவிப் போயிருக்கும் வயல்வெளிகள் நம் பக்கத்தில் சாதாரணம். ஒவ்வொரு புது இணைப்புக்கும் இரண்டு கம்பம் நட்டுக் கம்பியை நீட்டுவது, புது டிரான்ஸ்பார்மர் வைப்பதைவிட அன்றைக்கு மலிவு. நீட்டி நீட்டி முப்பது வருஷம் ஆகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் தாங்கும் சுமையை கே.வி.ஏ. என்ற அளவில் சொல்வார்கள். 5 ஹெச்.பி. மோட்டார் உண்மையில் இழுப்பது ஏறக்குறைய 5.8 கே.வி.ஏ. அப்படியானால் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் பதினேழு மோட்டாரைத் தாங்கும். ஆனால் 5 ஹெச்.பி.க்கு அனுமதி வாங்கிவிட்டு 7.5 ஹெச்.பி. மோட்டாரை இறக்கியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். அவை பதினொன்று ஓடினாலே அதே டிரான்ஸ்பார்மர் திணறும். கோபித்துக்கொள்ள வேண்டாம், இது எல்லா ஊரிலும் நடப்பது. நிலத்தடி நீர் இறங்க இறங்கப் பெரிய மோட்டார் கேட்கத்தான் செய்யும். மீட்டர் இல்லாத இணைப்பில் கூடுதலாக இழுப்பது கணக்கிலும் தெரியாது. தெரிவது அடுத்தவர் மோட்டாரில்தான்.

இதோடு ஆட்டோ ஸ்டார்ட்டர் சேர்ந்துகொள்கிறது. மும்முனை வந்த அந்த நொடியே எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் கிளம்பும். கிளம்பும்போது மோட்டார் இழுப்பது சாதாரண ஓட்டத்தைப் போல் பல மடங்கு. ஃபியூஸ் போகும், லைன்மேன் வந்து கட்டுவார், மறுபடி போகும். மூன்றாம் தடவை தடிமனான கம்பியாகப் பார்த்துக் கட்டிவிட்டுப் போவார். அடுத்த முறை போவது ஃபியூஸாக இருக்காது, டிரான்ஸ்பார்மர். சில பேர் இரண்டு முனை வரும் நேரத்திலும் கெபாசிட்டர் போட்டு மோட்டாரை ஓட்டுவார்கள். அதனால் ஒரு ஃபேஸில் சுமை ஏறி அந்தப் பாதையிலுள்ள வீடுகளில் டியூப்லைட் மினுக்கும்.

விதிப்படி தாழ்வழுத்த மின்சாரத்தில் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. 415 வோல்ட்டுக்குக் கீழ் எல்லை 390. உங்கள் கொட்டகையில் 340தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தண்ணீரை இறைக்க மோட்டார் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். காயிலில் ஏறும் சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். காயில் கட்டும் பட்டறைக்காரருக்கு ஆடி மாதம் தீபாவளியாக இருப்பது இதனால்தான். உங்கள் கையால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: 5 ஹெச்.பி. மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர், 7.5க்கு 3. மேலே சொன்ன இரண்டு முனைக் கெபாசிட்டர் வேறு; இது மோட்டாரோடு இணையாகப் போடுவது. வீணாகச் சுற்றும் மின்னோட்டத்தைக் குறைக்கும். ஒருவர் போட்டால் பெரிதாகத் தெரியாது. அந்த டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லாரும் போட்டால் மல்டிமீட்டரில் தெரியும்.

நிரந்தர வைத்தியம் இரண்டு. ஒன்று, உயர் அழுத்தக் கம்பியையே வயல்வரை கொண்டுபோய், பத்துப் பதினைந்து மோட்டாருக்கு ஒரு பெரிய டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக மூன்று நான்கு மோட்டாருக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைப்பது. ஹெச்.வி.டி.எஸ். என்று ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸில் சொல்வது இதைத்தான். இன்னொன்று, விவசாயத்துக்கும் ஊருக்கும் தனித்தனி ஃபீடர். இரண்டும் தெரியாத வித்தை இல்லை. மத்திய அரசு 2021இல் அறிவித்த விநியோகச் சீரமைப்புத் திட்டத்திலும் ஃபீடர் பிரிப்பு இருக்கிறது. ஆனால் உங்கள் ஊருக்கு எப்போது வரும் என்பது பணத்தின் கணக்கு.

பணத்தின் கதை இப்படி. 1957 ஜூலை 1இல் பிறந்த மின்சார வாரியம் 2010 நவம்பரில் உற்பத்தி–விநியோகத்துக்கு ஒரு நிறுவனம், உயர் அழுத்தப் பாதைகளைப் பார்க்கும் மின்தொடரமைப்புக்கு ஒரு நிறுவனம் என்று பிரிந்தது. 2024இல் உற்பத்தி, விநியோகம், பசுமை எரிசக்தி என்று மறுபடி பிரிந்தது. பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. ஊரில் இன்னும் ஈ.பி. ஆபீஸ்தான். விவசாய மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பிறகு 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. அது தானாகக் கிடைத்த வரம் இல்லை. எழுபதுகளில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைப் பக்கம் மாட்டு வண்டிகளை நகரத்துக்குள் ஓட்டிவந்து நடத்திய போராட்டங்களிலிருந்து தொடங்கிய கோரிக்கை. நமக்கு இலவசம் என்றாலும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். 2003 மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது: மானியம் தர விரும்பும் அரசு அந்தத் தொகையை விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே தர வேண்டும். தொகை எவ்வளவு என்பதை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போடும் கட்டணத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். மீட்டர் இல்லாத இணைப்புக்கு அது குதிரைத்திறன் கணக்கு. 5 ஹெச்.பி. என்று ஏட்டில் இருந்தால் 5க்குத்தான் பணம் வரும், வயலில் 7.5 ஓடினாலும்.

விநியோக நிறுவனத்தின் சேர்ந்த நஷ்டம் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2014க்குப் பிறகு எட்டு வருஷம் கட்டணத்தைத் தொடாமல் இருந்துவிட்டு 2022 செப்டம்பரில் ஒரேயடியாக ஏற்றியதை எல்லாரும் நினைவு வைத்திருப்போம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016இலிருந்து. திருபுவனத்துக் கைத்தறி நெசவாளருக்கு 300 யூனிட். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு: கடனில் ஓடுகிற ஒரு நிறுவனம் கையிலிருக்கும் காசை முதலில் மின்சாரம் வாங்கவும் வட்டி கட்டவும்தான் செலவிடும். மிச்சம் இருந்தால் தொழிற்சாலை, கடைவீதி போகும் ஃபீடருக்கு. மீட்டர் இல்லாத, வருமானம் குதிரைத்திறன் கணக்கில் எப்படியும் வந்துவிடுகிற ஒரு வயல்வெளி ஃபீடரில் கோடிக்கணக்கில் போட்டு வோல்டேஜைச் சரிசெய்தால், நிறுவனத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாய் வராது. உங்கள் டிரான்ஸ்பார்மர் வரிசையில் பின்னால் நிற்பதற்குக் கெட்ட எண்ணம் காரணம் இல்லை, இந்தக் கணக்குதான் காரணம். மீட்டர் வைத்தால் இலவசம் போய்விடுமோ என்ற பயம் விவசாயியிடம் இருக்கிறது. அது நியாயமான பயம். அந்தப் பயம் இருக்கும்வரை உண்மையான சுமையும் ஏட்டில் ஏறாது, அதற்கேற்ற டிரான்ஸ்பார்மரும் வராது. இலவசம் தொடரும் என்று சட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தனித்தனி மோட்டாருக்குப் பதில் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர் வைக்கலாம் என்பது என் யோசனை. யாருக்கும் பில் வராது, சுமை மட்டும் தெரியும்.

கஜாவை நினைவில் வைத்துக்கொண்டு இன்னொன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்தப் புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பக்கத்து மாநில ஊழியர்கள் வரை வந்து, இடுப்பளவு சேற்றில் கம்பம் நட்டார்கள். முதலில் ஆஸ்பத்திரி, குடிநீர், பிறகு ஊர், கடைசியில்தான் பம்புசெட். அந்த வரிசையில் தப்பில்லை. ஆனால் அவசரத்தில் நட்ட கம்பமும் இழுத்துக் கட்டிய கம்பியும் அப்படியே தங்கிவிட்ட இடங்கள் உண்டு. தொய்ந்து தொங்கும் கம்பியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 உயிர் போனது. வயலில் அறுவடை இயந்திரம் வரும் காலம் இது. கம்பி தாழ்ந்திருந்தால் அதைத்தான் முதல் புகாராகக் கொடுக்க வேண்டும், வோல்டேஜ் அப்புறம்.

சோலார் பம்புசெட் போடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 60 சதவீத மானியம் இருக்கிறது. டெல்டாவுக்கு அது ஓரளவு பொருந்துகிறது: போர்த் தண்ணீர் தேவைப்படும் மே, ஜூன், ஜூலையில் நல்ல வெயில்; மேகம் மூடும் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீரை வடிய வைப்பதுதான் பாடு. மேல்மட்டத் தண்ணீர் கிடைக்கும் பழைய டெல்டாவின் வடிமுனைக் குழாய்க்குச் சரி. ஒரத்தநாடு, பேராவூரணி மாதிரி ஆழத்திலிருந்து இறைக்கும் இடங்களில் பேனல் செலவு ஏறும். வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரே உப்பு, அங்கே எந்த மோட்டாரும் பயனில்லை.

யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குக் கடைசியாக வருகிறேன். கட்டணம், தரம், இணைப்பு விதி எல்லாம் 1999இல் அமைந்த தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில். கட்டணம் ஏற்றுமுன் அது பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 2022இல் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கேட்டது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கேட்கவில்லை. கோவையில் தொழிற்சாலைக்காரர்கள் கோப்போடு வந்து யூனிட் யூனிட்டாக வாதாடுவார்கள். கடைமடை வோல்டேஜைப் பற்றி அந்த அறையில் பேச ஆள் குறைவு. எழுத்தில் கருத்து அனுப்பலாம், அதற்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. அடுத்த முறை விவசாயிகள் சங்கத்தின் பேரில் டெல்டாவில் ஒரு அமர்வு கேட்டு எழுதுங்கள்.

உடனடிக் காரியத்துக்கு: 94987 94987 மின்னகம் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக லைன்மேனிடம் சொன்னது எந்த ஏட்டிலும் ஏறாது. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் 48 மணி நேரத்தில் மாற்ற வேண்டும் என்று 2004ஆம் வருஷத்துச் செயல்திறன் விதி சொல்கிறது. தவறினால் இழப்பீடும் உண்டு, தொகை சொற்பம்தான். ஏ.இ., செயற்பொறியாளர் அளவில் தீராவிட்டால் ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மின்குறைதீர்ப்பாளர். வக்கீல் தேவையில்லை.

மனுவில் 'லோ வோல்டேஜ், நடவடிக்கை எடுக்கவும்' என்று மட்டும் எழுதினால் பதிலும் ஒரு வரியில்தான் வரும். டிரான்ஸ்பார்மர் கட்டமைப்பில் எழுதியிருக்கும் எண், அதன் கே.வி.ஏ., அதில் எத்தனை இணைப்பு, கடைசி மோட்டார் எத்தனையாவது கம்பத்தில், ஒரு வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் மூன்று ஃபேஸிலும் எடுத்த வோல்டேஜ், அந்த நேரத்தில் ஓடிய மோட்டார் எத்தனை — இவ்வளவையும் எழுதுங்கள். எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிப்போய் எடுங்கள், நீங்களாகக் கம்பி தொட வேண்டாம். 390க்குக் கீழ் இறங்கிய அளவுகளைக் கோடிட்டு, கூடுதல் டிரான்ஸ்பார்மர் அல்லது ஹெச்.வி.டி.எஸ். மதிப்பீடு தயாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், 7.5 ஹெச்.பி. இறக்கியவர்களும்தான். அவர்கள் முதலில் கூடுதல் குதிரைத்திறனைப் பதிவு செய்துகொண்டால் மதிப்பீடு சரியான அளவில் வரும். ஜூன் மாதம் மனு கொடுத்தால் குறுவைக்குள் ஆகாது. தை அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, கம்பம் ஏற்றிய வண்டி வரப்பில் இறங்க முடிகிற மாசியில் கொடுங்கள்.